மெழுகில் வாங்கிய நிலம்

(ஒரு பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒருவர் எப்படிக் கலைஞர் ஆகிறார், அவரை விடாமல் வேலை செய்ய வைப்பது எது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஒரு குழந்தையைக் காட்டித்தான் தொடங்குவார்கள். கரித்துண்டால் சுவரில் கிறுக்கும் பிள்ளை, பிரம்பெடுக்கும் தகப்பனார், பிள்ளையின் திறமையைக் கண்டுகொள்ளும் டிராயிங் வாத்தியார். அந்தக் கதையில் பொய் இல்லை. ஆனால் அது ஒருவருக்குப் பதினைந்து வயது வரைதான் உதவும். அதற்குப் பிறகு வரும் நாற்பது, ஐம்பது வருடங்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதனால் நான் ஒரு தந்தித் துறை ஊழியரை எடுத்துக்கொள்கிறேன்.

கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் சில ஆண்டுகள் கேரளத்தின் பொன்னானியில் கழிந்தன. சிறு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரைந்தார். பதினேழு வயதில் மெட்ராஸ் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி கண்காட்சியில் அவர் படம் இடம்பெற்றது. மேற்படி கதை இங்கே முடிந்துவிட்டிருக்க வேண்டும். பையனுக்குக் கலை கைகூடிவிட்டது, சுபம். நடந்தது வேறு. தகப்பனார் இறந்துபோனார். படிப்பு நின்றது. குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலைக்குப் போனார். காப்பீட்டு முகவராகவும் அலைந்தார். சென்னை எழும்பூரில் இருக்கும் கலைப்பள்ளியில் அவர் மாணவராகச் சேர்ந்தது 1936இல். அப்போது அவருக்கு வயது 25.

பதினேழுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் இருக்கும் அந்த எட்டு வருடத்தை நம்முடைய கட்டுரைகள் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுகின்றன. "பல இன்னல்களுக்குப் பின்" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகத் தெரிகிறது. சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டு, தன்னைவிட வயதில் குறைந்த பையன்களோடு போய் உட்கார்ந்து ஒருவர் கோடு இழுக்கக் கற்றுக்கொள்கிறார் என்றால், அது திடீரென்று ஒருநாள் காதில் விழுந்த குரலால் நடந்திருக்க முடியாது. வேலைக்குப் போய்க்கொண்டே வரைவதை அவர் விடவில்லை, விட முடியவில்லை. விட முடியாததை ஒரு நாள் முழுநேரமாக எடுத்துக்கொண்டார். இவ்வளவுதான். இதில் மின்னலும் இல்லை, இடியும் இல்லை.

அவர் சேர்ந்த பள்ளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. பிற்காலத்தில் கல்லூரியாக உயர்ந்தாலும், தொடக்கத்தில் கைத்தொழிலுக்கு ஆள் தயாரிக்கும் இடமாகத்தான் இருந்தது. 1929இல் அதற்கு முதல் இந்தியத் தலைவராக வந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரீனாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. வங்காளத்தில் அவனீந்திரநாத் தாகூரிடம் படித்தவர். ஆனால் குருவின் மென்மையான பாணியை அப்படியே தூக்கிக்கொண்டு வரவில்லை. மல்யுத்தம் பழகியவர், வேட்டைக்காரர். அந்தச் சிலையில் பாறையை நெம்பும் நான்கு பேரின் முதுகையும் தொடையையும் பார்த்தால், உடம்பின் பாரம் தெரிந்த ஒருவர் செய்தது என்று புரிந்துவிடும். இவரிடம்தான் பணிக்கர் படித்தார். படித்து முடித்ததும் அங்கேயே ஆசிரியரானார். 1944இல் நண்பர்களோடு சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1957இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலியில் பணிக்கர் உட்கார்ந்தார்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1954இல் பணிக்கர் லண்டனுக்கும் பாரிஸுக்கும் போனார். தனிக் கண்காட்சிகள் நடத்தினார். நவீன ஓவியங்களை நேரில் பார்த்தார். நல்ல பெயரோடு திரும்பினார். திரும்பியவருக்கு ஒரு குடைச்சல் ஆரம்பித்தது. நாம் எண்ணெய் வண்ணத்தில், மேலைநாட்டு முறையில், மேலைநாட்டுக்காரர்கள் ஐம்பது வருடம் முன்பு கண்டுபிடித்ததைச் செய்துகொண்டிருக்கிறோம். நாமாக வைக்கிற கோடு எது? இந்தக் கேள்வி அன்று இந்தியா முழுவதும் ஓவியர்களை அலைக்கழித்த கேள்விதான். பலர் அதற்குச் சுலபமான விடை ஒன்றை வைத்திருந்தார்கள்: புராணத்திலிருந்து ஒரு காட்சி, அஜந்தாவிலிருந்து ஒரு கண். பணிக்கருக்கு அது போதவில்லை.

அவருக்கு விடை கிடைக்க ஏறக்குறைய பத்து வருடம் ஆயிற்று. 1963 வாக்கில் அவர் தொடங்கிய படங்களை 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையாக இன்று அறிகிறோம். ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், கணக்குப் புத்தகத்துச் சூத்திரங்கள், அட்டவணைகள், எண்கள், மலையாள எழுத்தின் சாயல் கொண்ட வரிகள். அந்த வரிகளை மலையாளம் தெரிந்தவரும் வாசிக்க முடியாது. வாசிப்பதற்காக அவர் எழுதவில்லை. ஜோசியர் வீட்டுக் காகிதத்தில், ஓலைச்சுவடியில், வீட்டு நிலைப்படி மேலே ஒட்டிய யந்திரத் தகட்டில் நாம் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட எழுத்தைத்தானே? பாதி புரியும், பாதி புரியாது. ஆனாலும் அது நம் வீட்டு எழுத்து. அதை எடுத்து ஓவியமாக்கியவர் அவர்.

கணக்கைப் பாருங்கள். 1963இல் அவருக்கு வயது 52. கல்லூரி முதல்வர், சங்கத் தலைவர், வெளிநாட்டில் படம் காட்டியவர். தன்னுடைய ஓவியத்தை அவர் கண்டுபிடித்தது அதன் பிறகுதான். 1977 ஜனவரியில் காலமானார். ஆக, இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருகிற படங்கள் அத்தனையும் கடைசி பதினான்கு வருடத்தில் வந்தவை. அதற்கு முந்தைய காலம் வீணா என்றால், இல்லை. ஆனால் பதினேழு வயதில் கண்காட்சியில் படம் மாட்டிய பையனிடம் போய், "உன் வேலை இன்னும் முப்பத்தைந்து வருடம் கழித்துத்தான் தொடங்கும்" என்று சொல்லியிருந்தால் அவன் தந்தி ஆபீஸிலேயே இருந்திருப்பான் என்று நினைக்கிறேன்.

ஒருவரை ஓட்டிக்கொண்டு போவது எது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: தீராத ஒரு கேள்வி. திறமை என்பது நிறையப் பேரிடம் இருக்கிறது. கேள்வி தீர்ந்துவிட்டவர்கள் நாற்பது வயதில் அழகாக வரைந்துகொண்டு, ஒரே படத்தை நூறு தடவை விற்றுக்கொண்டு இருப்பார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பிழைப்பு என்று ஒன்று உண்டு.

பிழைப்பு. அதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச நினைக்கிறேன். ஏனென்றால் கலை பற்றிய மேடைகளில் யாரும் அதைத் தொடுவதில்லை. தொட்டால் ஏதோ கௌரவக் குறைச்சல் போல.

1960களின் தொடக்கத்தில் எழும்பூர்க் கல்லூரியில் படித்து வெளியே வருகிற ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள். சென்னையில் ஓவியம் வாங்குகிற ஆள் இல்லை. பம்பாயிலும் டெல்லியிலும் கொஞ்சம் உண்டு, இங்கே இல்லை. இருந்த வழிகள்: பள்ளியில் டிராயிங் மாஸ்டர், விளம்பரக் கம்பெனி, சினிமா, அல்லது நெசவாளர் சேவை மையம். இந்தக் கடைசி இடத்துக்கு இந்திய ஓவிய வரலாற்றில் ஒரு தனி அத்தியாயமே எழுதலாம். கைத்தறிக்குப் புதிய வடிவங்கள் கொடுப்பதற்காக 1950களில் புபுல் ஜெயகரின் முயற்சியில் தொடங்கிய அரசு மையங்கள் அவை. பம்பாயில் கே.ஜி. சுப்ரமணியன், காசியில் பிரபாகர் பர்வே, சென்னையில் ரெட்டப்ப நாயுடுவும் ஆதிமூலமும் என்று, நவீன இந்திய ஓவியர்களில் ஒரு பெரிய கூட்டம் சேலைக் கரைக்கும் படுக்கை விரிப்புக்கும் டிசைன் போட்டுச் சம்பளம் வாங்கியிருக்கிறது.

பணிக்கர் தன் மாணவர்களைப் பார்த்தார். ஐந்து வருடம் சொல்லிக்கொடுக்கிறோம். வெளியே போன இரண்டாம் வருடத்தில் பலர் தூரிகையைத் தொடுவதில்லை. ஆளுக்கு ஆள் அறிவுரை சொல்லி இதைத் தீர்க்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கலைஞர்கள் ஒன்றுசேர்ந்து கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். பாத்திக் துணி, உலோக வேலை, பீங்கான் என்று விற்கக்கூடிய பொருள்களைச் செய்தார்கள். பாத்திக் எப்படி என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். உருக்கிய மெழுகைத் துணியில் கோடாக இழுப்பார்கள். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. வெளிர் நிறத்தில் முதலில் தோய்த்து, மறுபடி மெழுகு பூசி, அடுத்து அடர்ந்த நிறத்தில் தோய்த்து, கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுப்பார்கள். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்பு நரம்பாக ஓடியிருக்கும். அந்த நரம்புக்குத்தான் விலை. ஓவியம் வாங்காத சென்னைவாசிகள் பாத்திக் வாங்கினார்கள். சுவரில் மாட்டவும், உடுத்தவும், பரிசு கொடுக்கவும் வாங்கினார்கள்.

இப்படிச் சேர்ந்த காசில்தான் சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில் எட்டுப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. அரசு மானியம் கொடுத்து வந்த இடமல்ல. செல்வந்தர் எழுதிவைத்ததும் அல்ல. முப்பது பேருக்கு மேற்பட்ட ஓவியர்களும் சிற்பிகளும் மெழுகுச் சட்டியில் சம்பாதித்து வாங்கிய மணல்காடு. கரண்ட் கிடையாது. இன்று கார்கள் பறக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று இல்லை. சவுக்குத் தோப்பு, கடல், கீற்றுக்கொட்டகை. கிழக்குக் கடற்கரைக்கே பெயர் கொடுத்த சோழமண்டலத்தின் பெயரைக் குடிசைகளுக்கு வைத்தார்களே, அந்தத் தைரியம் எனக்குப் பிடிக்கும்.

இங்கே ஒரு விமர்சனத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னை ஓவியர்கள் அலங்காரத்தில் மாட்டிக்கொண்டார்கள், கைவினை அவர்கள் கலையைக் கெடுத்தது என்று வடக்கிலிருந்து அடிக்கடி சொல்வார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது. பி.வி. ஜானகிராமின் சிற்பங்களைப் பாருங்கள். கோயில் மூலவருக்குச் சாத்துகிற கவசத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முன்பக்கம் மட்டும்தான் இருக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. அந்தத் தகட்டு வேலையை எடுத்து, செம்பைத் தட்டி, முன்பக்கம் மட்டுமே உள்ள சிற்பத்தை அவர் நவீனமாக்கினார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால், இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டுக் கலைக்கு வந்தவர், அதே வழியில் இன்னும் நெடுந்தூரம் போனார். பற்றவைப்பும் தகடு தட்டுவதும் தெரியாத ஒருவருக்கு அந்தச் சிற்பங்கள் கற்பனையில்கூட வந்திருக்காது. கைக்குத் தெரிந்ததைத்தான் மனசு நினைக்கிறது. நம் சிந்தனையாளர்கள் இதைத் தலைகீழாகச் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வழி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேதான் கே. ராமானுஜம் வந்து நிற்கிறார்.

பேச்சு திக்கும். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. ஊரில் கேலி. ஏதாவது தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று கலைப்பள்ளிக்கு அனுப்பிவைக்கக்கூடிய பிள்ளை. பணிக்கர் அவரைச் சேர்த்துக்கொண்டார். பிறகு சோழமண்டலத்திலும் இடம் கிடைத்தது. மையும் பேனாவும் வைத்துக்கொண்டு அவர் கட்டிய உலகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கோபுரம் மேல் கோபுரமாக அரண்மனைகள், இறக்கை முளைத்த பிராணிகள், பாம்புகள், அணங்குகள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தொப்பி போட்ட ஓர் ஆள். அந்த ஆள் அவர்தான். நேரிலும் தொப்பி போடுவார். தெருவில் மரியாதை கிடைக்காதவர் காகிதத்தில் ராஜாவாக இருந்தார். ஒரு அங்குலம் காலி இடம் விடாமல் நிரப்புவார். சென்னையின் கன்னிமாரா ஹோட்டலுக்குப் பெரிய சுவரோவியமும் செய்தார்.

பணிக்கருக்கு இருந்தது போன்ற கேள்வி ராமானுஜத்திடம் இல்லை. இந்தியத் தன்மை, மேலைத் தன்மை என்ற சர்ச்சை எதுவும் அவரைத் தொட்டதாகத் தெரியவில்லை. அவர் வரைந்தது அவருக்கு வசிப்பதற்கு ஓர் இடம் வேண்டியிருந்ததால். சற்று முன் நான் சொன்ன விடை இவருக்குப் பொருந்தவில்லை. பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு கிராமமே அவரைத் தாங்கியது, சகாக்கள் மதித்தார்கள், வேலையும் வந்துகொண்டிருந்தது. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்தில், அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கலைதான் அவரைக் கொன்றது என்று சிலர் கவித்துவமாக எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு அறவே பிடிக்காது. அவருக்கு இருந்தது நோய், தனிமை. அவரை அத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தது கலையாக இருக்கலாம். அப்படிச் சொல்லும்போதாவது அவருக்கு அநியாயம் செய்யாமல் இருக்கிறோம்.

இன்னொருவர், டி.கே. பத்மினி. பணிக்கர் பள்ளி நாட்களைக் கழித்த அதே பொன்னானிப் பக்கத்துப் பெண். 1960களில் சென்னைக் கல்லூரியில் படித்து, இங்கேயே ஓவிய ஆசிரியையாக வேலை பார்த்தார். பெண்ணின் உடலை, பெண் தன்னைத் தானே பார்க்கிற பார்வையோடு வரைந்தவர்கள் அன்று எத்தனை பேர்? 1969இல் பிரசவத்தின்போது இறந்தார். வயது 29. கேள்வியும் இருந்தது, கையும் இருந்தது, வேலையும் இருந்தது. பணிக்கருக்குக் கிடைத்த 52 வயது அவருக்குக் கிடைக்கவில்லை. கலைஞர்களின் வாழ்க்கையை வைத்துச் சூத்திரம் எழுத நினைக்கும்போதெல்லாம் எனக்கு பத்மினியின் ஞாபகம் வந்துவிடும், எழுதுவதை நிறுத்திக்கொள்வேன்.

ஆதிமூலத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் இங்கிருக்கும் இலக்கிய நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். திருச்சி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்தவர். வந்தவரைக் கைப்பிடித்து வழிகாட்டியவர் சிற்பி எஸ். தனபால். தனபால் நாட்டியம் ஆடத் தெரிந்தவர், பெரியாரை நேரில் பார்த்துத் தலைச்சிற்பம் செய்தவர், தன் வீட்டுக் கதவை மாணவர்களுக்குச் சாத்தாதவர். ஒருவர் தன் வழியைக் கண்டுபிடித்தார் என்று சொல்கிற இடத்திலெல்லாம் இப்படி ஓர் ஆள் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். நாம்தான் அவரைப் படத்திலிருந்து வெட்டிவிடுகிறோம்.

காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். கருப்பு மை, வெள்ளைக் காகிதம், அவ்வளவுதான். பிறகு கிரீடமும் மீசையுமாக, ஆனால் உதிர்ந்துகொண்டிருக்கிற அரசர்கள். பகலில் நெசவாளர் மையத்து உத்தியோகம். மற்ற நேரத்தில் சொந்த ஓவியம். அதற்கு நடுவில் சிறுபத்திரிகைக்காரர்கள் வந்து நிற்பார்கள். அட்டைக்கு ஒரு படம், தலைப்புக்கு எழுத்து. பணம் கொடுக்க அவர்களிடம் ஏது? வரைந்து கொடுத்திருக்கிறார். ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட படங்கள் ஓவியக் கண்காட்சிப் பக்கமே போகாத லட்சக்கணக்கானவர்களின் வீட்டுக்குள் நுழைந்தன. அவர் தமிழ் எழுத்தை வளைத்த விதம் இன்றும் புத்தக அட்டைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது; போடுகிற பலருக்கு அது யாருடைய கை என்று தெரியாது. 2008இல் காலமானார். சேலை டிசைன், பத்திரிகைப் படம், ஓவியம் என்று மூன்றையும் ஏககாலத்தில் செய்த ஒருவரிடம் இதில் எது உங்கள் உண்மையான வேலை என்று கேட்டால் என்ன சொல்வார்? மூன்றுக்கும் ஒரே கோடுதானே.

சோழமண்டலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சிலர் போய்விட்டார்கள். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிஸில் நிலைத்தார்கள். எஸ்.ஜி. வாசுதேவ் பெங்களூருக்குப் போனார். கிராமம் நிற்கிறது. குடிசைகள் வீடுகளாயின. நில மதிப்பு எங்கேயோ போய்விட்டது. 2009இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். பணிக்கரும் ராமானுஜமும் அங்கே இருக்கிறார்கள். உலகத்தில் ஓவியர் குடியிருப்புகள் பல தோன்றிச் சண்டையில் கலைந்திருக்கின்றன. இங்கேயும் சண்டை இல்லாமல் இருந்திருக்காது. ஆனாலும் அவரவர் வீடு அவரவருக்கு, அவரவர் ஓவியம் அவரவர் இஷ்டம் என்று விட்டிருந்தது இதைக் காப்பாற்றியிருக்கிறது என்பது என் எண்ணம். பணிக்கரின் மாணவர்கள் யாரும் பணிக்கரைப் போல வரையவில்லை. ஓர் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். எழும்பூர்க் கல்லூரியில்தான் சேருவேன் என்று அடம்பிடிக்கிறாள். சேர்க்கலாமா, அவளுக்கு உண்மையிலேயே கலை வருமா என்று கேட்டார். மேடைக்குக் கூப்பிட்டுவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. ஐயா, இங்கேதான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வருமா வராதா என்பதை நானும் சொல்ல முடியாது, அவளும் இப்போது சொல்ல முடியாது. சேர்த்துவிடுங்கள். அங்கே ஓவியம், சிற்பம் மட்டுமல்ல. பீங்கான், துணி வடிவமைப்பு, அச்சோவியம் ஆகிய துறைகளும் உண்டு. அவளுக்கு ஓவியத் துறையில் இடம் கிடைக்காமல் பீங்கானில் கிடைத்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். அவளையும் சுளிக்க விடாதீர்கள். வீட்டில் அவள் வரைகிற இடத்தில் இன்னொருவர் சாமான் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மற்றவர்கள் கேள்வி இருந்தால் கேட்கலாம். மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள்.